காலடியில் இருப்பது என்ன?
பழைய நிலக்கரி ஊரில் வீடு வாங்குவோர் அறிய வேண்டியவை

கேமரன் மலைத் தேயிலைக்கும் சிலாங்கூர் நிலக்கரிக்கும் உறவு உண்டு என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். 1929-ஆம் ஆண்டில் இம்மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1913-இல், பத்து ஆராங் என்னும் ஊரில் நிலக்கரி வெட்டுவதற்காக மலாயன் கோலியரீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவரும் அவரே. ஒரே மனிதரின் முயற்சியால் மலையின் மேற்புறம் பச்சையாயிற்று. சமவெளியின் உட்புறம் வெறுமையாயிற்று. தேயிலைச் செடி இன்றும் துளிர்க்கிறது. நிலக்கரியோ 1960-இல் நின்றது. ஆனால் கரி இருந்த இடம் எங்கும் போய்விடவில்லை. அது இன்றும் பூமிக்கடியில் இருக்கிறது. அதன் மேலே மக்கள் குடியிருக்கின்றனர்.

மலைத்தோட்டத்து மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். தோட்டத்து லயன் வீடு தோட்டத்திற்கே உரியது. அவ்வீட்டின் தண்ணீர், விளக்கு, கூரை முதலியன எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் கூறுகிறது. வீடு தொழிலாளிக்குச் சொந்தம் என்று கூறவில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு தம்பதியர், ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தைக் கொண்டு மலையடிவாரத்திலோ கோலாலம்பூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ ஒரு சிறு வீடு வாங்க முற்படுகின்றனர். நகரத்து விலை எட்டாது. விலை எட்டும் ஊர்களுள் பல, ஒரு காலத்தில் சுரங்கம் இருந்த ஊர்கள். வாழ்நாளில் ஒரு முறை வாங்கும் வீடு அது. அது பிழையாகப் போனால் மற்றொன்று வாங்கப் பணமும் இராது, வயதும் இராது.

கரிக்கல் ஊர்

மலாய் மொழியில் ‘பத்து’ கல், ‘ஆராங்’ கரி. ரவாங் நகருக்கு மேற்கே, கொம்பாக் மாவட்டத்தில் உள்ள இவ்வூரில் 1908-ஆம் ஆண்டு வாக்கில் நிலக்கரி இருப்பது தெரிய வந்தது. 1915-இல் வெட்டத் தொடங்கினர். அது முதல் 1960 வரை வெளியே எடுத்த நிலக்கரி ஏறத்தாழ 150 லட்சம் டன். மலாயா ரயில்வேயின் இஞ்சின்களும் பங்சார் மின்நிலையத்தின் கொதிகலன்களும் இக்கரியை உண்டே ஓடின. சீனர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எனப் பல இனத்தவரும் அங்கே உழைத்தனர். 1937-இல் நடந்த வேலைநிறுத்தம் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் தனி அதிகாரம். அதைத் தனியே எழுதவேண்டும். போருக்குப் பின் ரயில்வே எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறிற்று. கரி வாங்குவார் இல்லை. 1960-இல் சுரங்கத்தை மூடினர்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நன்று. ஒரு டன் நிலக்கரி பூமியில் ஏறத்தாழ முக்கால் கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவ்வாறாயின் 150 லட்சம் டன் எடுத்த பின் 110 லட்சம் கன மீட்டருக்குக் குறையாத வெற்றிடம் உண்டாகியிருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி திறந்தவெளிப் பள்ளங்கள். அவற்றுள் சில இன்று நீர் நிறைந்த ஏரிகள், கண்ணுக்குத் தெரிகின்றன. மற்றொரு பகுதி சுரங்க வழிகள். அவை கண்ணுக்குத் தெரியா. வீடு வாங்குவோன் கவலைப்பட வேண்டியது, கண்ணுக்குத் தெரியாதவற்றையும், பள்ளமாக இருந்து பின்னர் மண் கொட்டி நிரப்பி மறைத்தவற்றையுமே ஆகும்.

தரை தாழ்வது எப்படி?

நிலத்தடிச் சுரங்கத்தில் கரி முழுவதையும் வெட்டிவிட முடியாது. மேற்கூரையைத் தாங்க ஆங்காங்கே கரியையே தூண்களாக விட்டு, இடையில் உள்ளதை அறை அறையாக வெட்டுவர். பழைய கோயில் மண்டபத்தை நினைத்துக்கொண்டால் போதும். மண்டபம் நிற்பது தூண்களின் வலிமையால். கருங்கல் தூண் ஆயிரம் ஆண்டு நிற்கும், கரித்தூண் அப்படியன்று. காற்றும் நீரும் பட்டு அது உதிரும், பிளக்கும். சுரங்கம் இயங்கும்வரை இயந்திரங்கள் நீரை இறைத்துக்கொண்டிருக்கும். மூடியபின் நீர் ஏறும். களிப்பாறை ஊறி மெலியும். எனவே அறை-தூண் முறையில் வெட்டிய சுரங்கத்தின் மேல் தரை தாழ்வதற்கு ஐம்பது ஆண்டும் ஆகலாம், நூறு ஆண்டும் ஆகலாம். ‘இத்தனை காலம் ஒன்றும் ஆகவில்லையே’ என்று விற்பவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது உறுதிமொழி ஆகாது.

தாழ்வு இரு வகை. பரந்த நிலப்பகுதி ஒரு தாம்பாளம்போல மெல்லக் குழிவது ஒரு வகை. குறுகிய இடத்தில் திடீரென்று கிணறுபோல் குழி விழுவது மற்றொன்று. இரண்டாவதே மக்களை அச்சுறுத்துவது. அது நிகழும் விதத்தை அறிந்தால், எங்கே அஞ்ச வேண்டும், எங்கே அஞ்ச வேண்டா என்பதும் விளங்கும்.

அறையின் கூரைப் பாறை உடைந்து கீழே விழுகிறது. விழுந்த இடத்தில் மேலே புதிய வெற்றிடம். அதன் கூரையும் விழுகிறது. இவ்வாறு வெற்றிடம் மேல்நோக்கி ஏறிவருகிறது. எனினும் உடைந்த பாறை, உடையாத பாறையைவிட அதிக இடத்தை அடைக்கும். மூட்டையில் அழுத்திக் கட்டிய கொழுந்தை அவிழ்த்துக் கொட்டினால் மீண்டும் அதே மூட்டைக்குள் அடங்காதது போன்றதே இது. பாறை உடையும்போது நூற்றுக்கு இருபது பங்கு பெருக்குமானால், 2 மீட்டர் உயரமுள்ள அறை ஏறத்தாழ 10 மீட்டர் மேலேறிய பின், உடைந்த கற்களால் தானே அடைபட்டுவிடும். இதனால்தான், வெட்டிய உயரத்தைப்போல் பத்து மடங்கு திண்ணிய பாறை மேலே இருந்தால் குழி விழும் அபாயம் குறைவு என்று பிரிட்டிஷ் பொறியாளர் பொதுவாகக் கணக்கிட்டு வந்தனர். இக்கணக்கின்படி 100 மீட்டர் ஆழத்தில் உள்ள அறையைவிட 15 மீட்டர் ஆழத்தில் உள்ள அறையே வீட்டுக்காரனின் பகைவன். ஆழமான சுரங்கம் என்றால் ஆபத்து அதிகம் என்று பாமரர் எண்ணுவது நேர்மாறானது. ஆனால் ஒன்று: பத்து ஆராங்கின் கரிப்படுகைகள் தடிமனானவை, அவற்றின் மேலுள்ள பாறைகளோ, பூமியின் வயதைக் கொண்டு பார்த்தால், இளையவை, மெலிந்தவை. 5 மீட்டர் உயரம் வெட்டிய இடத்தில் பத்து மடங்கு என்பது 50 மீட்டராகிவிடும். இங்கிலாந்தின் மெல்லிய படுகைகளுக்குச் சொன்ன ஆறுதலை இங்கே அப்படியே சொல்ல முடியாது.

மற்றொன்று. சுரங்கம் அடுத்தவர் மனைக்கு அடியில்தானே, நம் மனைக்கு அடியில் இல்லையே என்றும் இருந்துவிட முடியாது. தரைத் தாழ்வின் விளிம்பு செங்குத்தாக மேலே வருவதில்லை. சாய்ந்து விரிந்து வருகிறது. சாய்வு 35 பாகை எனக் கொண்டால், 100 மீட்டர் ஆழத்தில் வெட்டியதன் விளைவு பக்கவாட்டில் 70 மீட்டர் வரை எட்டும்.

திறந்தவெளிப் பள்ளத்தை நிரப்பிய நிலத்திற்கு வேறு வகைத் தொல்லை. கொட்டிய மண் பல ஆண்டுகள் தன் எடையாலேயே அமுங்கிக்கொண்டிருக்கும். முதன்முறையாக நிலத்தடி நீர் ஏறி நனைக்கும்போது சட்டென்று இறங்குவதும் உண்டு. மனை முழுவதும் நிரப்பு மண்ணில் இருந்தால் வீடு ஒருசேர இறங்கலாம். அதனால் அவ்வளவு கேடு இல்லை. பள்ளத்தின் பழைய கரை மனையின் நடுவே ஓடுமானால்தான் துன்பம். முன்கூடம் பாறையில் நிற்கும், சமையலறை மண்ணில் இறங்கும், இடையில் சுவர் கிழியும். பழைய கரை எங்கே இருந்தது என்பதை அறியாமல் அத்தகைய மனையை வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு படி இறங்குவது போன்றது.

தீயும் வாயுவும் தனி. கரி காற்றுப் பட்டுத் தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. பத்து ஆராங் கரி இதில் பெயர் பெற்றது. ஜார்க்கண்ட் மாநிலத்து ஜாரியா சுரங்கங்களில் 1916-இல் கண்ட தீ நூறாண்டுக்குப் பின்னும் அணையவில்லை. ஸ்காட்லந்தில் கோர்பிரிட்ஜ் என்னும் ஊரில், பழைய சுரங்க நிலத்தின் மேல் புதிதாகக் கட்டிய 64 வீடுகளுக்குள் 2013-இல் கரியமில வாயு புகுந்து குடியிருந்தோர் நோயுற்றனர். சுவரில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் வீடுகளை இடித்துத் தள்ள நேர்ந்தது.

எந்த அளவை எதற்கு?

‘சர்வே’ என்ற ஒரே சொல்லால் பல வேலைகளைக் குறிப்பதால் மக்கள் ஏமாறுகின்றனர். உரிமம் பெற்ற நில அளவையாளர் எல்லைக்கல்லைக் காட்டுவார். மனையின் நீள அகலம் சரி என்பார். கல்லுக்குக் கீழே என்ன என்று பார்ப்பது அவர் வேலையன்று. கடன் கொடுக்கும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டின் விலையைக் கணிப்பார். அவர் பார்ப்பது வங்கிக்காக. அவருக்குரிய கட்டணத்தைக் கடன் வாங்குவோனே கட்டினாலும், வங்கியின் பணம் திரும்புமா என்பதே அவர் விடை கூறும் வினா. கட்டடத்தைப் பரிசோதிப்பவர் சுவர், கூரை, தண்ணீர்க்குழாய், மின்கம்பி ஆகியவற்றைப் பார்ப்பார். நிலத்தின் உள்ளே பார்ப்பது மண் பொறியாளரும் புவியியலாளரும் மட்டுமே. முதல் மூன்று அறிக்கைகளும் கையில் இருக்க, நான்காவது இல்லாமல் சுரங்க ஊரில் வீடு வாங்குவோரே பெரும்பாலோர்.

நிலப்பட்டாவும் அவ்வாறே. தேசிய நிலச்சட்டம் 1965-இல் இயற்றப்பட்டது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று அது உறுதி செய்கிறது. நிலத்தில் உள்ள கனிப்பொருள் மாநிலத்திற்குரியது என்கிறது. அக்கம்பக்கத்து நிலம் தன் நிலத்திற்கு இயற்கையாகத் தரும் ஆதரவைப் பெறும் உரிமையையும் நிலத்துக்காரனுக்குத் தருகிறது. ஆனால் பட்டா காப்பது உரிமையை, தரையை அன்று. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் மாடிக்கட்டடங்களுள் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டனர். பட்டாவில் பழுது இல்லை. பழுது பின்னால் இருந்த மலைச்சரிவில். அவ்வழக்கில் 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், சட்டம் தரும் பாதுகாப்பினால் ஊராட்சி மன்றத்திடம் இழப்பீடு கேட்க இயலாது என்று தீர்ப்பளித்தது. அனுமதி முத்திரை இருக்கிறதே என்று நம்பியிருப்போர் இத்தீர்ப்பை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம்.

பிரிட்டனில் இவ்விஷயம் வெகுகாலத்திற்கு முன்பே ஒழுங்குக்கு வந்தது. கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் வரைபடத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்வரைபடங்களைக் காத்துவரும் பொறுப்பு 1994-இல் நிலக்கரி ஆணையத்திற்கு வந்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரத்திற்கு மேற்பட்ட சுரங்கவாய்கள் அதன் பதிவில் உள்ளன. நிலக்கரிப் பகுதியில் ஒரு வீட்டை வாங்கும்போது வழக்கறிஞர் கட்டணம் செலுத்தி அறிக்கை பெறுகிறார். வீட்டின் அடியில் வெட்டியது உண்டா, எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள் சுரங்கவாய் உண்டா, முன்பு யாரேனும் இழப்பீடு கோரினரா என்பன அதில் இருக்கும். அங்கே இது ஒரு சாதாரணப் படிவம், பெரிய ஆராய்ச்சியன்று. மலேசியாவில் வீடு வாங்கும் நடைமுறையில் இத்தகைய படி இல்லை. ஆகவே வாங்குபவன் தானே கேட்டால்தான் உண்டு.

எங்கே கேட்பது?

பத்து ஆராங் நிலங்களுக்கு கொம்பாக் மாவட்ட நில அலுவலகம். அங்கே சிறு கட்டணத்தில் பட்டாவைத் தேடிப் பார்க்கலாம். நிலம் ‘கட்டடம்’ என்ற வகையில் உள்ளதா, குத்தகை ஆண்டு எத்தனை மீதி, யாரேனும் தடைமனு போட்டுள்ளனரா என்பவை தெரியும். தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே உள்ள இடத்தை ‘வீடு’ என்று விற்பதும் நாட்டில் உண்டு. அந்த உரிமம் விற்கத்தக்க சொத்து அன்று. அடுத்து ஊராட்சி மன்றம். வீட்டின் அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா, பின்கட்டு அனுமதியுடன் கட்டியதா என்று அங்கே கேட்கலாம்.

முக்கியமானது கனிவள, புவி அறிவியல் துறை. பழைய சுரங்கத் துறையும் நில ஆய்வுத் துறையும் 1999-இல் ஒன்றாகி இது உருவாயிற்று. சுரங்க வழிகள் பற்றிய கேள்விக்குச் சரியான வாசல் இதுவே. மனையின் எண்ணையும் அமைவிட வரைபடத்தையும் இணைத்து எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே விடை வரும். மலாய் மொழியில் கடிதம் எழுதத் தயங்கும் பெற்றோருக்குத் தோட்டப் பள்ளியில் படித்து மேலே போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அரைமணி நேர வேலைதான்.

வீட்டை நேரில் பார்க்கப் போகும்போது பகலில் போகவேண்டும், மழைக்குப் பின் போனால் இன்னும் நல்லது. சுண்ணப் பூச்சில் தலைமயிர்போல் ஓடும் கீறலைக் கண்டு அஞ்ச வேண்டா. அது எல்லா வீட்டிலும் உண்டு. செங்கல் இணைப்பு வழியே படிப்படியாக ஏறும் வெடிப்பு, சன்னல் மூலையிலிருந்து குறுக்காகச் செல்லும் வெடிப்பு, ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய வெடிப்பு ஆகியவை பேசும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற வெடிப்பைப் பொறியாளர் பார்க்காமல் விடலாகாது. கதவு சட்டத்தில் இடிக்கிறதா, தரையில் வைத்த கோலிக்குண்டு ஒரே பக்கம் ஓடுகிறதா, வாய்க்கால் நீர் பின்னோக்கித் தேங்குகிறதா என்று பார்க்கலாம். புதிதாகப் பூசி வண்ணம் அடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால் அதன் காரணத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எனினும் பின்கட்டு சேர்ந்த இடத்தில் மட்டும் பிளவு இருந்தால் பெரும்பாலும் குற்றம் சுரங்கத்தின் மேல் அன்று. கொத்தனார் ஆழம் போதாமல் போட்ட அடித்தளத்தின் மேல்.

வெடிப்பு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதே முதன்மையான கேள்வி. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதியைப் பென்சிலால் எழுதிவைத்தால் போதும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இதற்குச் சில வெள்ளி கூடச் செலவாகாது. வேண்டுவது சில மாதப் பொறுமை.

ஐயம் தீராவிட்டால் மண்ணைத் துளைத்துப் பார்க்க வேண்டும். எளிய கருவி மக்கிண்டாஷ் துருவுகோல்: 5 கிலோ சுத்தியலால் ஓர் இரும்புக் கோலை அடித்து இறக்கி, ஓரடி ஆழத்திற்கு எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவர். நிரப்பு மண்ணையும் சேற்றையும் இது காட்டிக்கொடுக்கும். பாறையின் கீழே உள்ள அறையை இது அறியாது. அதற்குப் பாறையைக் குடையும் ஆழ்துளையும், மின்தடை அளந்து வெற்றிடத்தைத் தேடும் முறையும் வேண்டும். தனி ஒருவருக்கு இச்செலவு அதிகம். ஒரே வரிசையில் வாங்குவோர் நால்வர் ஐவர் சேர்ந்தால் தாங்கலாம். புது வீடமைப்பாக இருந்தால் மண் ஆய்வறிக்கையை வீடமைப்பாளரிடமே கேட்கலாம். கட்டுவதற்கு முன் அவர் அதைச் செய்திருக்க வேண்டும். புது வீட்டில் சாவி பெற்ற 24 மாதத்திற்குள் தோன்றும் பழுதுகளை வீடமைப்பாளர் தம் செலவில் திருத்தித் தருவது ஒப்பந்தக் கடமை. பழைய வீட்டிற்கு இந்தக் காப்பு இல்லை. இவை யாவும் பத்து விழுக்காடு முன்பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை. பணம் கட்டிய பின் கேட்கும் கேள்விக்கு விற்பவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

தாப்பா, பீடோர், கம்பார், ஈப்போ என்று மலையிலிருந்து நேரே இறங்குவோருக்கு நிலக்கரி இல்லை, ஈயம் உண்டு. ஈயச் சுரங்கம் விட்டுச்சென்ற மணல்மேடு ஓரளவு நல்ல தரை. மணலைக் கழுவிய சேறு தேங்கிய குட்டையை மூடிய இடமே பொல்லாதது. மேலே ஒரு முழம் செம்மண் கொட்டினால் அடியிலுள்ள களிச்சேறு யாருக்குத் தெரியும்? கிந்தா பள்ளத்தாக்கில் அதற்கும் அடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் இயற்கையே குடைந்த குகைகள். அங்கே மனை வாங்குவோர் கேட்க வேண்டியது, ‘இங்கே முன்பு ஈயக் குட்டை இருந்ததா?’ என்பதே. கேட்க வேண்டிய ஆட்கள் அந்த ஊர் முதியவர்கள். பழைய நிலவரைபடமும் வான்வழிப் படமும் அவர்கள் சொல்வதற்குச் சாட்சியாகும்.

காப்புறுதியைப் பற்றியும் ஒரு சொல். வீட்டுக்காரர் காப்புறுதிப் பத்திரம் தீ, மின்னல் முதலியவற்றைத் தாங்கும். தரைத் தாழ்வும் நிலச்சரிவும் அடிப்படைப் பத்திரத்தில் அடங்கா. கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வங்கி எடுத்துக்கொடுத்த பத்திரத்தில் எல்லாம் அடங்கும் என்று நம்பி, விபத்துக்குப் பின் அதைப் படித்துப் பார்ப்பவர் பலர்.

இவ்வளவும் சொன்னதால் பத்து ஆராங்கில் எவரும் வீடு வாங்கலாகாது என்று பொருளன்று. சுரங்கம் மூடி அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளைகள் வளர்ந்து ஆளாகியிருக்கின்றனர். ஊரின் ஒரு தெருவுக்கும் மறு தெருவுக்கும் அடியில் ஒரே கதை இருப்பதில்லை. வெட்டாத நிலமும் உண்டு, மிக ஆழத்தில் வெட்டிய நிலமும் உண்டு. ஐயமுள்ள நிலத்திலும் வீட்டின் அமைப்பு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். தனித்தனிக் குழிகளில் நிற்கும் தூண்களைவிட, முழு வீட்டையும் ஒரே கம்பிக் கான்கிரீட் பலகையின்மேல் ஏற்றிய மிதவை அடித்தளம் சிறு தாழ்வுகளைத் தாங்கும். நீண்ட தொடர்வீட்டைவிடச் சிறிய தனிவீடு நன்று. மாடி வீட்டைவிட ஒற்றைத்தளம் நன்று. பழைய வீடாயின், அதன் அடித்தளம் எவ்வகையென்று அங்கீகரித்த வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பார்த்தபின் விலை பேசும்போது, துறையின் விடைக் கடிதத்தையும் வெடிப்பின் அளவையும் மேசைமேல் வைத்துப் பேசலாம்.